ரத்தத்தில் கால்சியம் நார்மல், ரத்தக்குழாயில் கால்சியம் படிவு: டயாலிசிஸ் நோயாளிக்கு எந்த ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. நான்கு வருடமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்த பழைய ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டதால் புதிது போடுவதற்கு முன் கையை எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தக்குழாயில் கால்சியம் படிந்திருப்பது தெரிந்தது. ஆனால் ரத்தத்தில் கால்சியம் 9.1, நார்மல். பாஸ்பரஸ் 6.8, பி.டி.எச். (பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன்) 92. பாஸ்பரஸைக் குறைக்கத் தினம் மூன்று கால்சியம் அசிடேட் மாத்திரை, கூடவே கால்சிட்ரியால் (பி.டி.எச்.-ஐக் குறைக்கக் கொடுக்கும் வைட்டமின் டி வகை). ஃபெட்யூயின், எஃப்.ஜி.எஃப்.-23 என்று இணையத்தில் படித்த பரிசோதனைகளைச் செலவு செய்து எடுத்தால் படிவு எவ்வளவு என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. மாதா மாதம் ரத்தம் கொடுத்தோம், கால்சியம் சரியாக இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள், பிறகு இது எப்படி யார் கண்ணிலும் படாமல் வளர்ந்தது?

நான் சிறுநீரக மருத்துவர். டயாலிசிஸ் யூனிட்டில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, நீங்கள் கொடுத்த எண்களை வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்பதற்கான கேள்விகளாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரடியான பதில்: ரத்தக்குழாயில் ஏற்கெனவே படிந்துவிட்ட கால்சியத்தை அளந்து சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றைக்கு ஒன்றுகூடக் கிடையாது. ரத்தத்தில் நாம் பார்ப்பதெல்லாம் படிவைத் தூண்டும் பொருட்களும் தடுக்கும் பொருட்களும்தான். இந்த வாரம் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்பதை வைத்து ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொல்ல முடியாதில்லையா, அதுபோல. ஏரியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோதான்.

கால்சியம் ஏன் நார்மலாக நின்றது என்று பார்ப்போம். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது துளிப் பங்கு. அந்தத் துளியை ஏறத்தாழ 8.5-க்கும் 10.5-க்கும் நடுவில் பிடித்து வைப்பதற்குப் பாராதைராய்டு சுரப்பியும் வைட்டமின் டி-யும் எலும்பும் ராப்பகலாக வேலை செய்கின்றன. வெளியிலிருந்து கூடுதலாகக் கால்சியம் வந்தால் அது எங்கேயாவது போயாக வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குச் சிறுநீரில் போய்விடும். அப்பாவுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. எலும்பும் வாங்கிக்கொள்ளாவிட்டால் ரத்தக்குழாய்ச் சுவர் வாங்கிக்கொள்ளும். இவ்வளவும் நடக்கும்போது ரத்தத்தில் எண் 9.1-லேயே நிற்கலாம். யாரும் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணுக்கு இதைச் சொல்லும் திறன் கிடையாது, அவ்வளவுதான்.

போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாக உப்பு ஏறுவது போலத்தான் இதுவும் என்று நாங்களே நோயாளிகளிடம் சொல்வோம். பாதிதான் உண்மை. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் மனித ரத்தக்குழாயின் தசை செல்களைப் பாஸ்பேட் அதிகமான திரவத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். அந்த செல்கள் தசையாக இருப்பதை விட்டுவிட்டு எலும்பு செல்லின் குணத்துக்கு மாறத் தொடங்கின. தாமாகவே கால்சியத்தைச் சேர்த்து வைத்தன. பாத்திரத்தில் படியும் உப்புக்கு உயிர் இல்லை. இங்கே குழாயே கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாகப் பார்க்கிறது. சுரண்டி எடுக்க முடியாது, கரைக்கவும் நம்பகமான மருந்து இல்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

சர்க்கரையும் கொழுப்பும் உள்ளவர்களுக்கு உள்சுவரில் அடைப்போடு சேர்ந்து கால்சியம் படிவது ஒரு வகை. டயாலிசிஸ் நோயாளிகளிடம் கூடுதலாக, அடைப்பே இல்லாமல் நடுச்சுவர் முழுக்கப் படியும் இன்னொரு வகையும் உண்டு. 1903-இல் இதை விவரித்த மான்க்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் இன்றும் அழைக்கிறோம். கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் பக்கம் போகும் இடத்தில், தண்டவாளம் போல இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் இணையாக ஓடும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது, ஏனென்றால் சாதாரண எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரியவே கூடாது. இப்படிப்பட்டவருக்கு நாடி பிடித்தால் விரலுக்கடியில் கயிறு போல உருளும். குழாய் விரிந்து கொடுக்காததால் மேல் ரத்த அழுத்தம் ஏறும், இதயச் சுவர் தடிக்கும், ஃபிஸ்டுலா எதிர்பார்த்தபடி பருக்காமல் போகலாம். உங்கள் அப்பாவின் சர்ஜன் எக்ஸ்ரே கேட்டதும் இதனால்தான் இருக்கும்.

இனி ரத்தத்துக்கு வருவோம். எல்லாவற்றிலும் அதிக ஆதாரம் உள்ளது பாஸ்பரஸ்தான். 6.5-க்கு மேல் உள்ள டயாலிசிஸ் நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்று 1998-இல் அமெரிக்கத் தரவுகளை வைத்துக் காட்டினார்கள். அதன் பின் பல நாடுகளில் அதே போக்குத்தான் தெரிந்தது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் சாப்பிட்டால் 600 உள்ளே போகும், வாரத்துக்கு 4200. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று 800 முதல் 1000 வரை எடுக்கும். வாரம் இரண்டு என்றால் அதிகபட்சம் 2000. 667 மில்லிகிராம் கால்சியம் அசிடேட் மாத்திரை ஒன்று சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய 30 மில்லிகிராமைத்தான் பிடிக்கும். தினம் மூன்று என்றால் வாரத்துக்கு 630. கூட்டிப் பாருங்கள், 1500-க்கு மேல் துண்டு விழுகிறது. அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறதென்றால் அதில் ஒரு பங்கு கழியும், இல்லையென்றால் அது உடம்பிலேயே நிற்கும். மூன்றாவது டயாலிசிஸ் என்பது பயண அலைச்சலும் செலவும் கூலி இழப்புமாக எத்தனை வீடுகளை அழுத்துகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 6.8-க்கு அப்பாவின் வாயைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். எத்தனையோ பேரை நாங்கள் தேவையில்லாமல் திட்டியிருக்கிறோம்.

அந்த மூன்று மாத்திரையை அவர் எப்போது போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவருக்கு மாதக்கணக்கில் பாஸ்பரஸ் 7-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஒரு நாள் அவர் மனைவி மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டி, 'மூணையும் சேர்த்து ராத்திரி படுக்கறப்போ பாலோட கொடுத்துடறேன் டாக்டர், மறக்கக் கூடாதுல்ல' என்றார். இந்த மாத்திரை சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்து மலத்தில் அனுப்புவதற்கானது. சாப்பாடு இல்லாத வயிற்றில் போட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது, மாத்திரையில் உள்ள கால்சியம் மட்டும் உடம்பில் ஏறும். தவறு அந்த அம்மாவுடையது இல்லை, எங்களில் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. சாப்பாட்டோடு மாற்றியதும் இரண்டே மாதத்தில் எண் இறங்கியது.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். டயாலிசிஸ் முடிந்ததும் எடுத்தால் பாஸ்பரஸ் அழகாக இருக்கும், சில மணி நேரத்தில் மீண்டும் ஏறிவிடும். ஒவ்வொரு மாதமும் அதே இடைவெளிக்குப் பிறகு, ஊசி குத்தியவுடன், மிஷினில் போடுவதற்கு முன் எடுத்த ரத்தத்தைத்தான் ஒப்பிட வேண்டும். எடுத்த ரத்தம் இருக்கும் லேப் டியூபில் ரத்த செல்கள் உடைந்திருந்தால் பாஸ்பரஸ் பொய்யாகக் கூடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஓர் ஆய்வு. 2002-இல் வெளியானது. 200 டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கால்சியம் உள்ள பைண்டர் (பாஸ்பரஸைப் பிடிக்கும்) மாத்திரை, மறுபாதிக்குக் கால்சியம் இல்லாத செவலமர் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் பாஸ்பரஸ் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சி.டி. ஸ்கேனில் இதய ரத்தக்குழாயின் கால்சியம் முதல் குழுவில் 25 சதவீதம் கூடியிருந்தது, இரண்டாவதில் 6 சதவீதம். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஒன்று போல இருந்தும் குழாய்கள் வேறு வேறு வேகத்தில் கல்லாகிக்கொண்டிருந்தன. இதற்கு இரண்டு வருடம் முந்தைய இன்னோர் ஆய்வு என்னை இன்னும் அதிகம் பாதித்தது: டயாலிசிஸில் இருந்த 20 முதல் 30 வயது வரையான 16 பேரில் 14 பேருக்கு இதய ரத்தக்குழாயில் கால்சியம் இருந்தது. படிவு இருந்தவர்கள் பைண்டர் மாத்திரை வழியாக உட்கொண்ட கால்சியம் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. எனவே ரிப்போர்ட்டில் உள்ள கால்சியத்தைவிட, தினமும் மாத்திரையாக உள்ளே போகும் கால்சியத்தைக் கூட்டிப் பார்ப்பது பயனுள்ளது. அப்பாவுக்கு அது நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்குச் சற்று மேல், சாப்பாட்டில் வருவது தனி. கால்சியம் பைண்டரைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லி 2017-இன் சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் செவலமர் ஆயுளைக் கூட்டுகிறதா என்று கேட்டால் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. விலையும் அதிகம். அதனால் எல்லோருக்கும் மாற்று என்று நான் சொல்ல மாட்டேன். எக்ஸ்ரேயிலேயே படிவு தெரிகிற ஒருவருக்கு மாற்றலாமா என்று கட்டாயம் கேட்பேன்.

அடுத்தது பி.டி.எச். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய எண் இதுதான். ரிப்போர்ட்டில் 65 வரை நார்மல் என்று போட்டு, 92-ஐத் தடித்த எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். வீட்டில் எல்லோரும் கூடிவிட்டது என்று பயந்திருப்பீர்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. லேபின் நார்மல் உச்சத்தைப் போல இரண்டு முதல் ஒன்பது மடங்கு வரை இருக்கலாம் என்பதுதான் வழிகாட்டுதல். உச்சம் 65 என்றால் 130 முதல் 585 வரை. அப்படிப் பார்த்தால் 92 குறைவு. குறைவான பி.டி.எச். என்றால் எலும்பு தூங்கிக்கொண்டிருக்கலாம். தூங்கும் எலும்பு கால்சியத்தையும் பாஸ்பரஸையும் வாங்கிக்கொள்ளாது. அந்த நேரத்தில் கால்சியம் மாத்திரையும் கால்சிட்ரியாலும் சேர்ந்து உள்ளே போனால் மிச்சம் குழாய்ச் சுவருக்குத்தான். பிரான்சில் எலும்புத் துணுக்கை எடுத்துப் பார்த்துச் செய்த ஆய்வில், மந்தமான எலும்புக்கும் தமனிப் படிவுக்கும் தொடர்பு தெளிவாகவே தெரிந்தது. 'பி.டி.எச். 92-ஆக இருக்கும்போது கால்சிட்ரியால் தொடர்வது சரிதானா?' என்பது மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. லேபுக்கு லேப் கிட் மாறும், எண்ணும் மாறும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை யாராவது கொடுத்திருந்தால் சில கிட்களில் பி.டி.எச். பொய்யாகக் குறைந்து தெரியும். டயாலிசிஸ் நோயாளி உடம்பில் பயோட்டின் தங்கும் என்பதால் இது அடிக்கடி ஏமாற்றும். எலும்பிலும் கல்லீரலிலும் உருவாகும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைமையும் சேர்த்துப் பாருங்கள். கல்லீரல் நன்றாக இருந்து அது உயர்ந்திருந்தால் எலும்பு விழித்திருக்கிறது, அதுவும் பி.டி.எச்.-உம் இரண்டுமே குறைவு என்றால் தூக்கம்தான். மலிவான பரிசோதனை, பெரும்பாலும் கல்லீரல் ரிப்போர்ட்டிலேயே கிடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரி, நீங்கள் படித்த பெயர்களுக்கு வருகிறேன். ஃபெட்யூயின்-ஏ கல்லீரலில் உருவாகும் புரதம். ரத்தத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து துகளாகும்போது அதைச் சுற்றி மூடி, படியாமல் மிதக்க வைக்கிறது. 2003-இல் 300-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளிடம், இது குறைவாக இருப்பவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று காட்டினார்கள். அந்த நேரத்தில் எங்களுக்கெல்லாம் பெரிய நம்பிக்கை. ஆனால் உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும், டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட ஒரு பழைய பிளாஸ்டிக் குழாயில் கிருமித் தொற்று இருந்தாலும் ஃபெட்யூயின் இறங்கிவிடும். படிவின் அளவோடு அது ஒத்துப்போவதாகச் சில ஆய்வுகளும், ஒத்துப்போகவில்லை என்று சிலவும் சொல்கின்றன. பாஸ்பரஸைச் சிறுநீரில் தள்ளச் சொல்லி எலும்பு அனுப்பும் ஹார்மோனான எஃப்.ஜி.எஃப்.-23 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்குகூட உயர்ந்திருக்கும். இறப்போடும் இதயத் தடிப்போடும் தொடர்பு நன்றாகத் தெரிகிறது. தமனிப் படிவோடு உள்ள தொடர்பு குழப்பமாகவே இருக்கிறது. எண் வந்த பிறகு சிகிச்சையில் என்ன மாற்றுவோம் என்று கேட்டால், பாஸ்பரஸைக் குறை என்பதுதான் பதில். அது ரிப்போர்ட் இல்லாமலே தெரிந்தது. ஆஸ்டியோபுரோட்டிஜெரின், ஸ்கிளிரோஸ்டின் என்ற எலும்பு சார்ந்த புரதங்கள் இரண்டுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான்.

மேட்ரிக்ஸ் கிளா புரதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதன் பேரில் கடையில் மாத்திரை விற்கிறார்கள். குழாய்ச் சுவரே தனக்காகச் செய்துகொள்ளும் காவல் இது. 1997-இல் இந்தப் புரதமே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். தமனிகள் கால்சியம் ஏறி உடைந்து இரண்டு மாதத்துக்குள் செத்துப்போயின. இந்தக் காவல் வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளிடம் வைட்டமின் கே குறைவு என்பதும், வேலைக்கு ஆகாத புரதம் ரத்தத்தில் அதிகம் என்பதும் உறுதி. கே-2 மாத்திரை கொடுத்தால் அந்த எண் இறங்குகிறது என்பதும் உறுதி. ஆனால் படிவு நிற்கிறதா என்று டயாலிசிஸ் நோயாளிகளிடம் சோதித்தபோது, நின்றதாக நம்பும்படி முடிவு வரவில்லை. எண் நல்லதாக மாறுவதும் குழாய் நல்லதாக மாறுவதும் ஒன்றில்லை என்பதை நான் இதில்தான் கற்றேன். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வைட்டமின் கே-யைத் தடுப்பது, படிவையும் கூட்டலாம். அப்பா அதைச் சாப்பிடுகிறார் என்றால் மாற்று உண்டா என்று கேளுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு உண்மையில் ஆர்வம் தருவது டி-50 என்ற பரிசோதனை. ஒரு பொருளை மட்டும் அளக்காமல், நோயாளியின் சீரத்தில் (செல்கள் நீக்கிய ரத்தத்தின் தெளிந்த நீரில்) கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கலந்து, அது எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்த பிறகு கெட்டியான படிகமாகிறது என்று பார்க்கிறார்கள். தூண்டுவதும் தடுப்பதும் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு அது. 2012-இல் அறிமுகமானது, நேரம் குறைவாக இருப்பவர்களிடம் பாதிப்பு அதிகம் என்று பின்னால் பெரிய ஆய்விலும் கண்டார்கள். அதுவும் நாளைய போக்கைத்தான் சொல்லும், நேற்றுப் படிந்ததை இல்லை. வழக்கமான லேப் பரிசோதனையாகவும் இன்னும் வரவில்லை. மெக்னீசியம் கூடினால் இந்த நேரம் நீள்கிறது. அதை நம்பி டயாலிசிஸுக்கு முந்தைய கட்ட நோயாளிகளுக்கு மெக்னீசியம் கொடுத்துப் பார்த்ததில் ஓர் ஆய்வு படிவின் வேகம் குறைந்தது என்றது, பின்னால் வந்த இன்னொன்று பலனில்லை என்றது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு மெக்னீசியம் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஆகவே, அந்தப் பணத்தை இந்தப் பரிசோதனைகளில் போட வேண்டாம் என்பது என் கருத்து. படிவு எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் வயிற்றைப் பக்கவாட்டில் எடுக்கும் ஒரு சாதாரண எக்ஸ்ரே போதும். முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெருந்தமனியில் படிவை 0 முதல் 24 வரை மதிப்பெண் போட்டுச் சொல்ல முடியும். எக்கோவில் இதய வால்வில் கால்சியம் இருக்கிறதா என்றும் எழுதச் சொல்லுங்கள். எக்கோ எப்படியும் எடுப்பார்கள், அந்த ஒரு வரி மட்டும் விட்டுப்போகும். சி.டி. ஸ்கேன் துல்லியமானது, கால்சியம் பார்க்க மருந்து ஊசியும் வேண்டாம். ஆனால் படிவு இருப்பது தெரிந்துவிட்ட ஒருவருக்கு அதன் எண் சிகிச்சையை அதிகம் மாற்றாது.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதையும் சொல்ல வேண்டும். பாஸ்பரஸைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்று, மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டு டயாலிசிஸ் நோயாளிகளிடம் உறுதியாக நிரூபித்த பெரிய ஆய்வு கிடையாது. பி.டி.எச்.-ஐக் குறைக்கும் சினாகால்செட்டை 3,883 பேரிடம் சோதித்த 2012 ஆய்விலும் எதிர்பார்த்த பலன் திட்டமாகத் தெரியவில்லை. படிவின் வேகத்தைக் குறைப்பதுதான் இன்று நம் கையில் இருப்பது. படிந்ததைத் திருப்பி எடுக்கிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை போகும்போது கடந்த ஆறு மாத பாஸ்பரஸ், கால்சியம், அல்புமின், ஆல்கலைன் பாஸ்படேஸ், பி.டி.எச். எண்களை ஒரே தாளில் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள். டயாலிசிஸ் திரவத்தில் கால்சியம் எவ்வளவு என்று டெக்னீசியனிடம் கேளுங்கள். 1.25, 1.5, 1.75 என்று வகைகள் உண்டு, கேனிலேயே எழுதியிருக்கும். அப்பாவுக்கு 1.75 ஓடுகிறதென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அப்புறம், தொடையிலோ வயிற்றிலோ காலிலோ தோல் ஊதா நிறமாகி, தொட முடியாத வலியோடு கட்டி போல இருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். தோலின் சின்னக் குழாய்கள் கால்சியத்தால் அடைபடுவதாக இருக்கலாம். அதற்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது, கண்ணால் பார்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும்.